குழுவிலிருந்து வெளியேறியவர் அண்ணன் அல்ல

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பதினொன்று இருபது. சங்கராபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் அண்ணன் வழக்கம்போல் கிட்டார் இசை போட்டிருந்தார். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது.

"தம்பி, செத்த வந்து இத கம்மி பண்ணிட்டுப் போயேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முப்பது ஆண்டுகளாக அந்த ஒலியைக் குறைக்கச் சொல்லி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அன்று அவரே கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளே போய்க் குறைத்துவிட்டு, அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் மறுபடியும் நாளிதழுக்கு வந்துவிட்டேன். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒலிபெருக்கியை கைநீட்டிக் குறைக்க முடியாமல்தான் ஒருவர் இன்னொருவரை அழைக்கிறார் என்பது எனக்குத் தோன்றவில்லை. கால் மணி நேரம் கழித்து என் மனைவி தேநீர் கொண்டுபோனபோது அண்ணனின் சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கு அண்ணனைத் தெரியும். ஆனாலும் முறையாகச் சொல்கிறேன். அண்ணன் ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில், குத்தகை நிலத்தில் பாடுபட்ட குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா இறந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்பு, நான் முதல் வகுப்பு. பள்ளிக்கூடப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, சங்கராபுரத்தில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், புதிதாகக் கட்டித்தரும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பையோடுதான் நான் படித்தேன், அரசு வேலைக்கு வந்தேன். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "மோட்டார் எரிஞ்சி வந்து நிக்கிறவன் வூட்டுல நாத்து காயுது. எனக்கு எங்க நேரம்?" என்று சிரிப்பார். நடவுக் காலத்தில் கல்வராயன் மலையேறிப் போய், அங்கேயே உட்கார்ந்து காயில் கட்டிக் கொடுத்துவிட்டு வருவார்.

அப்படி ஒருமுறை மலையில் யாரோ ஒருவர் பழுதான டேப் ரெக்கார்டரை அவரிடம் கொடுத்தார். உள்ளே ஒரு கேசட் சிக்கியிருந்தது. அதை எடுத்து நாடாவை நேராக்கி, ஓட்டிப் பார்த்தார். ஒரு கிட்டார் அழுதது. அப்படித்தான் அவர் சொல்வார். கேசட்டில் பெயர் இல்லை, அட்டை இல்லை. "அத நீயே வெச்சிக்க" என்றார் உரியவர். வாசிப்பது யார், எந்த நாடு, உயிரோடு இருக்கிறாரா, எதுவும் தெரியாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதையே கேட்டார். நாடா அறுந்தபோதெல்லாம் ஒட்டினார். அந்தக் கலைஞரை "நம்ம ஆளு" என்றே அழைத்தார்.

என் மகள் கயல்விழி ஏழாம் வகுப்பு படித்தபோது, என் கைபேசியை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனாள். பாட்டைக் கேட்டு அடையாளம் சொல்லும் செயலியைத் திறந்து ஒலிபெருக்கிக்கு எதிரே பிடித்தாள். அரை நிமிடத்தில் பெயர் வந்துவிட்டது. "பெரியப்பா, நம்ம ஆளுக்குப் பேர் இருக்குது!" என்று கத்தினாள். நான் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். அண்ணன் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்கள் கலங்கியிருந்தன. கைபேசி என்னுடையது. இருபது ஆண்டுகளில் அவருக்காக அந்தப் பெயரைத் தேட வேண்டும் என்று எனக்கு ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. அன்று எனக்கு வந்தது வெட்கம் இல்லை. பொறாமை. இருவர்மீதும்.

அந்தக் கலைஞரின் காணொளிக்குக் கீழே ஒருவர் தமிழில் எழுதியிருந்தார்: "ஆத்தூர்ல இருந்து நான் ஒருத்தன்தான் கேக்கறனா?" மகள் பதில் போட்டாள்: "சங்கராபுரத்துல எங்க பெரியப்பா கேக்கறாரு." அங்கிருந்துதான் அந்த வாட்ஸ்அப் குழு. மொத்தம் ஏழு பேர்; சொந்தக் கைபேசி இல்லாத மகள் அதில் சேரவில்லை. ஒருவரையொருவர் ஊர்ப்பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். லாரிக்கு வண்ணம் அடிக்கும் ஆத்தூர். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அரூர். அண்ணன் அங்கே சங்கராபுரம். எல்லோருக்கும் நடுவில் மலை இருந்ததால், மாதத்தில் ஒரு ஞாயிறு மலைமேல் கரியாலூரில் கூடினார்கள். ஆத்தூரின் மின்சாரக் கிட்டாருக்கு உள்ளே இருந்த செம்புக் காயில் அறுந்தபோது, தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் அதைச் சுற்றிக் கொடுத்தவர் அண்ணன்தான். "இதுவும் காயில்தான்டா. மோட்டாருல தண்ணி ஏறுது, இதுல சத்தம் ஏறுது" என்று என்னிடம் காட்டினார். நான் "ம்" என்றேன்.

ஒரே ஒரு முறை அவர்களோடு நானும் போனேன். அருவிக்குப் போகும் வழியில் ஒரு தேநீர்க்கடைக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அந்தக் கம்பிய இழுத்தாரே, அங்கயே எனக்கு உசுரு போயிடுச்சு" என்றார் ஆத்தூர்.

"இன்னாயா நீ, இழுத்ததையே பேசிக்கினு கீற" என்றார் அண்ணன். "பின்னாடி கீழ் சுருதில பேஸ் கிட்டார் வாசிக்கிறாரே, அவர யாரு பாக்கறது? அவரு நின்ன எடத்துல நிக்கிறதாலதான் நம்ம ஆளு இஷ்டத்துக்கு ஓடுறாரு."

"ஆரம்பிச்சிட்டாரு" என்று தலையில் கைவைத்தார் அரூர் அம்மா. "சங்கராபுரத்துக்கு, முன்னாடி நிக்கிறவங்க கண்ணுக்கே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆத்தூர் மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, "சாருக்கு எந்தப் பாட்டு புடிக்கும்?" என்றார்.

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குதுங்க" என்றேன்.

மறுபடியும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். கேலியாக இல்லை, இப்போது தெரிகிறது. அன்று அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். பிறகு போகவில்லை.

மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தாள். சாப்பிட்டாளா, அறைக்கு வந்தாளா, காய்ச்சல் விட்டதா என்று நாளைக்கு மூன்று முறை அழைப்பேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் "ம்". ஞாயிறு காலை பெரியப்பாவுக்கு அவளே அழைப்பாள். ஒரு மணி நேரம் பேசுவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வார்த்தை எதுவும் தெளிவாக விழாது. சிரிப்பு மட்டும் விழும்.

இனி எழுதப்போவதை உறவினர்களாகிய நீங்கள் அறியமாட்டீர்கள்.

அண்ணன் இறந்த மறுநாள் காலை அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அவருடைய கைபேசி என் சட்டைப்பையில் இருந்தது. அது சும்மா இருக்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். முந்தின வாரம் தொடங்கிய அதே பேஸ் கிட்டார் சண்டை. "சங்கராபுரம், பதில் எங்க? தோல்விய ஒத்துக்கிறீங்களா?" என்று ஆத்தூர் கேட்டிருந்தார், கீழே சிரிப்புப் பொம்மைகளோடு. அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி போதும். இன்று ஒரு நாளாவது அவர் எங்களுக்கு மட்டும் இருக்கட்டும் என்று தோன்றியது. குழுவிலிருந்து வெளியேறு என்ற இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன். கைபேசியை அணைத்துப் பீரோவில் வைத்தேன். பிறகு அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர, நீர்மாலைக்குப் போனேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மகள் கேட்டாள். "அப்பா, பெரியப்பா குரூப்ல இருந்து ஒருத்தரும் வரலியே?"

"வரலம்மா."

"சொன்னியா நீ?"

"சொன்னேன்."

"அவ்ளோதானா அவங்க" என்றாள். அன்றே தன் கைபேசியில் இருந்த அந்தப் பாட்டுகள் அனைத்தையும் அழித்துவிட்டாள். கல்லூரிக்குத் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. அண்ணன் இருந்த இடம் எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. வரவில்லை. "ம்" கூடக் குறைந்துவிட்டது.

இந்த மலருக்குப் புகைப்படம் தேடியபோதுதான் அவருடைய கைபேசியை மறுபடி இயக்கினேன். கரியாலூரில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அண்ணன் தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறார். அட்டையில் நீங்கள் பார்ப்பது அதுதான். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. படத்தை அச்சகத்துக்குக் கொடுக்கும்போதும் வயிறு எரிந்தது என்பதை மறைக்கவில்லை.

படத்தோடு செய்திகளும் வந்து குவிந்தன. மாதம் ஒன்று, ஆத்தூரிடமிருந்து. "அண்ணே, கோவமா?" "அண்ணே, வெளியேறிப் போற அளவுக்கு நான் இன்னா சொல்லிட்டேன்?" கடைசியாக வந்திருந்தது: "நீங்க சொன்னதுதான் சரி. பின்னாடி நிக்கிறவர நான் இப்பதான் கேக்கறேன். தோத்துட்டேன். திரும்பி வாங்கண்ணே."

அந்த எண்ணுக்கு என் கைபேசியிலிருந்து அழைத்தேன். சங்கராபுரத்திலிருந்து பேசுகிறேன் என்றேன்.

"அண்ணே! எங்கண்ணே போயிட்டீங்க?"

"நான் அவரு தம்பிங்க. அண்ணன் தவறிட்டாரு. போன வருஷமே."

"என்னைக்கு?" என்றார். நாளைச் சொன்னேன். அவரும் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவரு குரூப்ப விட்டுப் போனது அதுக்கு மறுநாளுங்களே. அப்போ வெளிய போனது யாரு?"

"நான்தாங்க" என்றேன்.

அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

அன்று மாலையே மகளுக்கும் சொன்னேன். அவளும் துண்டித்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு செய்தி வந்தது: "இத மலர்ல எழுதுப்பா. எழுதினாத்தான் நெனவு நாளுக்கு வருவேன்." அதனால்தான் எழுதுகிறேன். அது மட்டும் காரணம் இல்லை என்பதை எழுத எழுதத் தெரிந்துகொண்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அன்று கேட்ட மறுகணம் தன் காரில் எங்களைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுசென்ற எதிர்வீட்டாருக்கு. அண்ணன் காயில் கட்டிய மோட்டாரில் நீர் பாய்ச்சும் மலைக்காரர்கள், மினி வேன் பிடித்து இருபது பேராக வந்து, பாடையைச் சுமந்தார்கள், அவர்களுக்கு. பதினாறு நாளும் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு. இன்னும் மூவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் சென்ற ஞாயிறு வந்தார்கள்.

நான் அவர்களை எதிர்பார்க்கவில்லை. காலை பத்தரைக்கு ஆத்தூர், அரூர் அம்மா, குழுவிலிருந்த திட்டக்குடி இளைஞர், மூவரும் வாசலில் நின்றார்கள். ஆத்தூர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் அறையில் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"வூடு தேடி வந்திருக்கலாம்" என்றார் அரூர் அம்மா. "அவரே வேணாம்னு போயிட்டாரு, பின்னாடியே போயி நிக்கிறது நல்லா இருக்காதுன்னு இருந்துட்டோம். அது எங்க தப்பு சார்."

அந்தக் கடைசிக் காலையை, ஒலியைக் குறைத்தது வரை சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். ஆத்தூர் முதன்முறையாக நிமிர்ந்தார்.

"கடைசியா எந்தப் பாட்டு ஓடிக்கினு இருந்துச்சு?"

"தெரியாதுங்க."

"நீங்கதான சார் சவுண்ட கம்மி பண்ணது?"

"ஆமாங்க. எந்தப் பாட்டுன்னு தெரியாது."

அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். அவருக்கு என்னிடமிருந்து வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதுவும் என்னிடம் இல்லை. ஆனால் சுவர் அதிர்ந்தது நினைவில் இருந்தது. எப்படி அதிர்ந்தது என்பதும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வெட்கத்தை விட்டு, வாய்க்குள்ளேயே அதை முனகினேன். தும், தும்தும், சற்று நின்று, மறுபடி தும்.

நான்காவது சுற்றில் ஆத்தூர் என் தோளைப் பிடித்தார்.

"சார், இது பேஸ் கிட்டாரு. ஒரு அடி தப்பாம சொல்றீங்க. மேல வர்ற நம்ம ஆளு வாசிப்பு உங்களுக்குக் கேக்கவே இல்லியா?"

"சுவத்துக்கு இந்தப் பக்கம் இதுதாங்க வரும்" என்றேன்.

அவர் பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அரூர் அம்மா அண்ணன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு உங்க மேல பொறாமையா இருக்குது சார்" என்றார். "எங்களுக்கு மாசத்துல ஒரு ஞாயிறு. உங்களுக்கு முப்பது வருஷம், தினமும்."

அப்போதுதான் அறை வாசலில் தோள்பை இறங்கும் சத்தம் கேட்டது. மகள் கோயம்புத்தூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தாள். எப்போதிலிருந்து அங்கே நின்றாள் என்று தெரியாது. இந்தக் கட்டுரையில் அதுவரை எழுதியிருந்த தாள்கள் கூடத்து மேசையில் இருந்தன. அவற்றை அவள் கையில் வைத்திருந்தாள். மூவரையும் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. நேராக வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நிறுத்தாதப்பா" என்றாள். "நீ பின்னாடி போட்டுக்கினே இரு. மேல வர்றத நான் பாடுறேன்."