பட்டக்காரர் வீட்டுப் பங்காளி

எங்கள் அய்யனுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது. கிணறு ஒன்று இருந்தது, அதில் எப்போதாவது தண்ணீர் இருந்தது. சொந்தத்தில் பெரிய மனிதர் என்று சொல்லிக்கொள்ள மட்டும் ஒருவரும் இல்லை. மற்ற குறைகளையெல்லாம் மழையின் மேலும் பருத்தி விலையின் மேலும் போட்டுவிடுவார். இந்தக் குறையை யார் மேல் போடுவதென்று தெரியாமல் தானே சுமந்தார்.

கருமத்தம்பட்டிக்கு வடக்கே எங்கள் ஊர். அய்யனின் தாத்தா ஒரு பஞ்சத்தில் தாராபுரத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பெண் எடுத்த ஊரிலேயே தங்கிவிட்டவர். மாமனார் கும்பிட்ட கோயிலிலேயே அவரும் பொங்கல் வைத்தார். நாளாவட்டத்தில் மாமனாரின் கூட்டமே எங்கள் கூட்டம் என்று ஆகிவிட்டது. கூட்டம் என்றால் ஒரே வம்சம். ஒரே கூட்டத்துக்காரர்கள் பங்காளிகள். முகம் பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கைதான். அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. இது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

நாங்கள் அந்தக் கூட்டம் என்று சொல்லிக்கொண்டோமே தவிர ஊர் மறக்கவில்லை. கோயிலில் எங்களுக்குக் கடைசியில்தான் திருநீறு வரும். வரப்புத் தகராறு வந்தால் 'வந்தேறி' என்ற சொல் முதலில் வரும். அக்காவைப் பார்க்க வந்த இரண்டு இடங்களும் இதனாலேயே திரும்பிப் போயின.

நான் நாலாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மாட்டுத்தரகனோடு சந்தை சந்தையாகச் சுற்றினேன். பஸ்ஸில் கிளீனராக இருந்தேன். பிறகு கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் சேர்ந்தேன். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்தது; அங்கே எல்லோருக்கும் அது இருந்ததால் யாரும் அதை நோய் என்று சொல்வதில்லை. அங்கேதான் கூட வேலை செய்த ஒருவன் பழக்கமானான். பல்லடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை, பெரியப்பா வளர்த்த பையன். ஒரு நோம்பித் திருவிழாவுக்கு அவனை ஊருக்கு அழைத்துப் போனேன். எங்கள் கிணற்று உருளை கிறீச்சிடுவதைக் கேட்டுவிட்டு, சாப்பிடும் முன்பே அதைக் கழற்றி உட்கார்ந்துவிட்டான். அக்கா அன்றைக்குக் கீரை கடைந்திருந்தாள்.

"இந்தக் கடைசலுக்காகவே இன்னொருக்கா வாரேனுங்க," என்றான் அம்மாவிடம்.

"கடைசலுக்கா, கடைஞ்சவளுக்கா?" என்றாள் அம்மா. உள்ளே சட்டி ஒன்று உருண்டது.

அதன்பின் எனக்கு லீவு கிடைக்கிறதோ இல்லையோ, அவன் வாங்கிக்கொண்டு வந்தான். உருளை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் வரும்போதெல்லாம் அதற்கு எண்ணெய் போட்டான். நாய் குரைக்கும் விதத்திலேயே அவன்தான் வருகிறான் என்று அக்கா கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்கு அப்போது ஊர்க் கணக்கில் வயது கடந்துவிட்டிருந்தது. ஆனால் பாடிக்கொண்டு களை வெட்டினாள்.

அவன் பெரியப்பா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். திண்ணென்ற மனிதர், வெட்டிப் பேச்சு கிடையாது. "பொண்ணு நல்ல பொண்ணு. கூட்டம் வேற வேற. அது போதுமுங்க," என்றார்.

எங்களுக்கெல்லாம் அது நல்ல வார்த்தையாக இருந்தது. அய்யனுக்கு மட்டும் அந்த 'போதுமுங்க' தைத்துவிட்டது. ஏதோ பாவம் பார்த்துப் பெண் எடுக்கிறார்கள் என்று அவர் காதில் விழுந்தது.

அந்த வருஷம் சோளம் அறுத்துப் போட்டிருந்தபோது பாட்டுக்காரர் வந்தார். கூட்டங்களின் வம்சத்தை மனப்பாடமாகப் பாடி, களத்தில் தானியம் வாங்கிப் போகிறவர். வழக்கமாக எங்கள் களத்தை எட்டிப் பார்க்காமல் போய்விடுவார். அய்யனே கூப்பிட்டு உட்காரவைத்து, தன் தாத்தா வந்த ஊர், அங்கே குடும்பத்துக்கு இருந்த பட்டப்பெயர், சின்ன வயதில் கேட்ட ஒரு கோயிலின் பேர் எல்லாவற்றையும் சொன்னார். பாட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். நெடுநேரம் முணுமுணுத்தார். பிறகு கண்ணைத் திறந்து, இருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றார்.

"ஏனுங்க, நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியாமப் போச்சுங்களே! பட்டக்காரரு வம்சத்துல எளையவரு கெளையுங்க நீங்க. அண்ணன் பட்டங்கட்டுனாரு, தம்பி பஞ்சத்துல வடக்க போனாருன்னு பாட்டே இருக்குதுங்க."

பட்டக்காரர் என்றால் அமராவதிக்கு அந்தப் பக்கம் பரம்பரையாகத் தலைமை பண்ணிய குடும்பம். அப்போதிருந்தவர் மோட்டார் வைத்திருந்தார். கலெக்டரோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர் படம் பத்திரிகையில் வந்து, அதைக் கத்தரித்துக் காப்பிக்கடையில் ஒட்டியிருந்தார்கள். அய்யன் பாட்டுக்காரருக்கு அந்த வருஷ விதைச் சோளத்தையும் சேர்த்து அளந்துவிட்டார்.

"சரிதானுங்க," என்றாள் அம்மா. "அப்பிடியே எங்க கூட்டம் எந்தக் கெளைன்னும் கேட்டுப்போடுங்க. நானே உங்களுக்குத் தங்கச்சி ஆயிட்டா இந்த அடுப்ப விட்டுப் போறேன்."

அய்யன் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். தாராபுரம் வரை பஸ்ஸில் போய், அதற்கப்புறம் நடந்தோம். வாசலில் இருந்த ஆட்கள் எங்களை வேலை கேட்டு வந்தவர்கள் என்று நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெயில் சாய்ந்த பிறகு பட்டக்காரர் வெளியே வந்தார். வயசாளி. கண் சரியாகத் தெரியாது. அய்யன் வம்சத்தை அந்தப் பாட்டிலேயே சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்து நின்றுவிட்டார். விட்ட இடத்திலிருந்து பட்டக்காரர் எடுத்துச் சொல்லி முடித்தார்.

"வடக்க போன கெளை அத்துப்போச்சுன்னு எங்கய்யன் சொல்லுவாருங்க," என்றார் அவர். "நீங்க எனக்குத் தம்பி முறையாகுது. வந்து உக்காருங்க."

பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார். புறப்படும்போது பட்டுக்கரை போட்ட உருமாலை ஒன்றைத் தன் கையாலேயே அய்யன் தலையில் கட்டிவிட்டார். நல்ல மனிதர். இதில் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. வழி முழுக்க அய்யன் அந்த உருமாலையை அவிழ்க்கவே இல்லை. பஸ்ஸில் காற்றுக்குப் பறந்துவிடும் என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

நிச்சயத்துக்கு அவன் பெரியப்பாவும் சொந்தக்காரர்களும் வந்தார்கள். மாப்பிள்ளை வரும் வழக்கமில்லை; அவன் மில்லில் இருந்தான். அய்யன் உருமாலை கட்டி நடுவில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலைத் தட்டை எடுக்கப் போகும் நேரம்.

"மச்சான், உருமாலை பலமா இருக்குதே," என்றார் பெரியப்பா.

அய்யன் இதற்காகத்தான் காத்திருந்தார். "பட்டக்காரரு கட்டுனதுங்க மச்சான். நாங்க அவருக்குப் பங்காளி. இத்தனை நாளாத் தெரியாம இருந்துபோட்டோம்."

பெரியப்பா தட்டின் மேலிருந்து கையை எடுத்துவிட்டார். எந்தக் கிளை என்று கேட்டார். அய்யன் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய கூட்டமும் அதேதான். பட்டக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் அவர்களுக்கும் தீட்டு. தாத்தாவுடைய மாமனார் கூட்டத்தின் பேரைச் சொல்லித்தான் நாங்கள் சம்பந்தம் பேசியிருந்தோம். அதனால்தான் அது வேறாக இருந்தது.

பிறகு பெரியப்பா குரலைத் தாழ்த்தி, "இங்க பாருங்க," என்றார். "பாட்டுக்காரன் சோளத்துக்குப் பாடுறவன். அவன் தப்பாப் பாடிப்போட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. உருமாலையக் கழட்டி உள்ள வெச்சுப்போட்டு வாங்க. நாங்க எதையும் கேக்கலை. தட்டை மாத்திக்கலாம்."

அக்கா கதவுக்குப் பின்னால் காப்பிச் சொம்போடு நின்றிருந்தாள். அவள் கை மட்டும் எனக்குத் தெரிந்தது.

அய்யன் தலைக்குக் கையைக் கொண்டுபோனார். கழற்றப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கை அங்கேயே நின்றது. "பட்டக்காரரே சொல்லிப்போட்டாருங்களே," என்றார். "தெரிஞ்சும் அண்ணன் தங்கச்சியக் கட்டிக் குடுத்தா, நாளைக்குப் பொறக்குறது வெளங்குமுங்களா?"

அவர் பயந்ததும் உண்மை. அந்த உருமாலையை விட மனம் வராததும் உண்மை. எது முன்னால் நின்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பச் சரி. வாரேனுங்க பங்காளி," என்றார். வாசலுக்கு வரும்போது மச்சானாக வந்தவர், போகும்போது பங்காளியாகப் போனார். காப்பியை யாரும் குடிக்கவில்லை. மறுநாள் காலையில் அக்கா அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள்.

அவனிடம் நான்தான் சொன்னேன். மில் வாசலில், சங்கு ஊதி ஆட்கள் மாறும் சமயம். அவன் தலையில் பஞ்சு அப்பியிருந்தது.

"ஓடிப் போலாம்னு கேட்டா வருமா உங்கக்கா?"

"கேட்டுப் பாரு," என்றேன்.

அவன் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தான். அக்கா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அதிக நேரம் பேசவில்லை. போகும்போது எண்ணெய்ச் சீசாவைக் கிணற்று மேட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். "கூப்பிட்டாப்ல," என்றாள் அக்கா என்னிடம். "அண்ணன்னு ஆனப்பறம் எப்பிடிறா போறது?" எங்கள் வீட்டில் அந்தப் பாட்டை முழுசாக நம்பியவர்கள் இரண்டு பேர். அய்யன் ஒருவர், அவள் ஒருத்தி.

அடுத்த ஆவணியில் அவனுக்குக் காங்கயத்துப் பக்கம் பெண் பேசி முடித்தார்கள். பெரியப்பா பத்திரிகையோடு வந்தார். வந்த காரியம் அது மட்டுமில்லை. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டும் முன், மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். மறு தலைப்பு அவன் கையில் இருக்கும். கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள். அவனுக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. கிட்டத்துப் பங்காளிகளில் வயதுக்கு வந்த பெண்ணும் இல்லை.

"மொறைன்னு வந்துபோச்சு," என்றார் பெரியப்பா. அவருக்கும் கேட்க வாய் கூசத்தான் செய்தது. அக்காவைப் பார்த்தார். "வேண்டாம்னா சொல்லிப்போடுங்க அம்மிணி."

"ஏனுங்க, உங்களுக்கு வேற ஊடே கெடைக்கலீங்களா?" என்று அம்மா கத்தினாள். "கண்ணக் குத்திப்போட்டு, கண்ணாடி வாங்கித் தாரேங்கறீங்களே!"

அய்யன் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பங்காளி முறையென்று எங்கள் வீட்டுக்கு வந்த முதல் அழைப்பு அது.

"நான் வாரேனுங்க பெரியப்பா," என்றாள் அக்கா.

கல்யாணத்தில் அய்யனுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். உருமாலை கட்டி உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரிப் பூ வைத்து, சீர்க்கூடையைக் கொடுத்து அவன் பக்கத்தில் நிறுத்தினார்கள். கூறைச்சேலை அரக்குச் சிவப்பு. பார்க்கிறவர்களுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிற மாதிரியேதான் இருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா சேலைத் தலைப்பு மண்ணில் படாமல் உயர்த்திப் பிடித்திருந்தாள். சீர் செய்கிறவர் வழக்கப்படி கேட்டார், அண்ணனுக்குப் பையன் பிறந்து உனக்குப் பெண் பிறந்தால் கட்டிக் கொடுப்பாயா என்று. பந்தலில் யாரோ சிரித்தார்கள். அந்தக் கேள்விக்கு எப்போதும் சிரிப்பார்கள்.

"குடுக்கறேனுங்க," என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி.

பிறகு அந்தச் சேலையை வாங்கி உள்ளே கொண்டுபோய் மணப்பெண்ணிடம் கொடுத்தார்கள்.

எனக்கு எங்கள் ஊரிலும் மில்லிலும் இருப்புக் கொள்ளவில்லை. வால்பாறைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் மூட்டை தூக்கினேன். அட்டைக்கடி, குளிர்க்காய்ச்சல், லயத்து வரிசை வீட்டில் ஒரு அறைக்கு ஏழு பேர். அங்கே யாரும் எந்தக் கூட்டம் என்று கேட்கவில்லை. அக்காவுக்கு அதன்பின் ஒரு இடமும் அமையவில்லை. சிலர் கேட்டு வந்தார்கள், அவள் வேண்டாமென்றாள். பொங்கலுக்குப் பொங்கல் அவனிடமிருந்து அண்ணன் சீராக ஒரு சேலை வந்துவிடும். எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, காட்டு வேலைக்கு உடுத்திக் கிழித்தாள்.

ஒரு தடவை காய்ச்சல் உடம்போடு ஊருக்கு வந்தேன். வழியில் அவனைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். அக்கா கம்பு இடித்துக்கொண்டிருந்தாள்.

"கொழந்தை பொறந்துச்சாமே. என்ன கொழந்தை?"

"பையன்," என்றேன்.

உலக்கையை நிறுத்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நான்தான் அவுங்களுக்கு ஒரு பொண்ணு குடுக்கப் பாக்கி," என்று சிரித்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த அய்யன் எழுந்து காட்டுப் பக்கம் போனார். அன்றைக்கு அவர் தலையில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை.