எள்ளுப் புழு சிறகு விரித்த மாலை

நெடுங்கேணிப் பள்ளிக்கூடத்துக்கு நான் விஞ்ஞானம் படிப்பிக்கப் போனது கல்லூரி முடித்த கையோடு. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே இருந்தது அதுதான் முதல் தடவை. ஆய்வுகூடம் என்று அங்கே ஒன்றுமில்லை. ஓர் அலுமாரி இருந்தது, அதற்குள் வெடித்துப்போன சில கண்ணாடிக் குழாய்கள்.

வேலிக்கு அப்பால் எள்ளுத் தோட்டம். எள்ளு வெட்டியபின் நிலத்தைக் கொத்திய தோட்டக்காரர், மண்ணுக்குள் கிடந்த இரண்டு கூட்டுப்புழுக்களைக் கொண்டுவந்து தந்தார். பெருவிரல் தடிப்பு, செம்மண் நிறம். ஒன்று மண்வெட்டி பட்டுப் பிளந்திருந்தது. உள்ளே மஞ்சள் களி.

"அழுகிப்போச்சு, டீச்சர்," என்று ஒரு மாணவி மூக்கைப் பொத்தினாள்.

"அழுகேல்லை. ஊர்ந்து திரிஞ்ச சதையெல்லாம் கரையுது. அதையே சாப்பாடாக்கி நெஞ்சுக்குள்ளை வேறை சதை வளரும். அதுதான் சிறகை அடிக்கும்."

அவள் நம்பவில்லை. மற்றதை ஈரமண் போட்ட பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, மூடாமல் என் மேசையில் வைத்தேன்.

ஒரு பின்னேரம் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். மடியில் ஏதோ கீறுவதுபோல இருந்தது. குனிந்து பார்த்தால், தகரத்துக் கூட்டிலிருந்து வெளிவந்த, ஈரம் காயாத பெரிய அந்துப்பூச்சி ஒன்று என் சேலைக் கொசுவத்தைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. சிறகுகள் கசங்கிய துணித்துண்டு மாதிரி. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து கணித மாஸ்டர் ஓடிவந்தார். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர், மீன்பிடிக் குடும்பம். அதுவரை நாங்கள் 'வணக்கம்' தவிர வேறொன்றும் கதைத்ததில்லை.

"தட்டிவிடட்டே?"

"வேண்டாம் மாஸ்டர்! இப்ப விழுந்தா சிறகு கோணிப்போகும். பிறகு பறக்காது."

அது தோளடியில் வந்து தொங்கியது. நான் அசையாமல் இருந்தேன். அவர் ஒரு வாங்கை இழுத்துப்போட்டு எதிரே இருந்தார். சிறகு மெல்ல மெல்ல விரிந்தது. என்னுடைய பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. அவர் கடையில் தேத்தண்ணீர் வாங்கி வந்தார். கையைத் தூக்கப் பயந்து நான் குடிக்கவில்லை, அது ஆறிப்போனது. தன் அம்மாவைப் பற்றி, கடலுக்குப் போய்த் திரும்பாத தமையனைப் பற்றி அவர் சொன்னார். நான் என் வீட்டைப் பற்றிச் சொன்னேன்.

பொழுது மங்கும்போது பூச்சி நடுங்கத் தொடங்கியது. அதன் நடுக்கம் என் தோளிலும் தெரிந்தது.

"ஏன் நடுங்குது? குளிரே?"

"நெஞ்சுச் சதை சூடேறினால்தான் பறக்கலாம். நடுங்கித்தான் சூடாக்குது."

"எங்கடை ஆக்களும் இப்பிடித்தான். விடியக் கடலிலை இறங்க முதல் கை காலை உதறுவினம்."

அவர் சொல்லி முடிக்கவில்லை. விர்ரென்று ஒரு சத்தம். யன்னலால் வெளியே போய்விட்டது. இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரிக் கை தட்டினோம்.

பஸ் போய்விட்டதால், நான் வாடகைக்கு இருந்த அறை வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். அடுத்த நாள் பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஊர் கதைக்குது."

"ஒரு பூச்சியாலை வந்தது, சேர்."

"அதை ஊரிட்டை நான் எப்பிடிச் சொல்லுறது?" என்று தலையில் கைவைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பயமும் வந்தது.

ஊர் கதைத்ததில் பிழையில்லை என்று பிறகு தெரிந்தது. மாஸ்டரையே நான் கட்டினேன். வேதக்காரப் பெடியன், சேர்ச்சுக்குப் போகிறவன் என்று என்னைப் பெற்ற ஐயா கலியாணத்துக்கு வரவில்லை. நான் போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை. முல்லைத்தீவில் குடியிருந்தோம். மூத்தவள் தவழத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் மத்தியானம், ஒரு பை முருங்கைக்காயோடு ஐயா பஸ்ஸால் வந்து இறங்கினார். அவர் சைவம், மீன் இல்லாமல் சமைத்துப் போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவியபின் இவருடைய முகத்தை முதல் தடவையாக நேரே பார்த்தார்.

"தம்பி, நாளைக்கு உம்மடை ஐயா கடலுக்குப் போகேக்கை நானும் வள்ளத்திலை ஏறலாமோ?"