அப்புக்காத்தர் எழுதிய மரண அறிவித்தல்

மகேசன் இறந்தபோது அவருக்கு மரண அறிவித்தல் எழுத ஆள் கிடைக்கவில்லை. ஒஸ்லோவில் இருபது வருடங்களாக எல்லோருக்கும் அதை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். யார் அன்பு மகள், யார் பாசமிகு மருமகன், எந்தச் சகோதரி எந்த நாட்டில் என்று மூப்பு மாறாமல் எழுதுவார். ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டாலே செத்தவீட்டில் முகங்கள் திரும்பிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த அறிவு நீதிமன்றத்தில் வந்தது. பருத்தித்துறையில் சட்டத்தரணியாக இருந்த காலத்தில் அவரிடம் வந்தவை பெரும்பாலும் காணிப் பங்கு வழக்குகள். ஒரு துண்டு பனங்காணிக்கு ஊரில் பாதிப்பேர் உரித்துக் கேட்டு நிற்பார்கள். எப்போதோ செத்துப்போன ஒருவருக்கு எத்தனை தாரம், யார் வயிற்றில் யார் பிறந்தார் என்று நிறுவினால்தான் வழக்கு நகரும். அதற்காகப் பழைய காணி உறுதிப் பத்திரங்களைத் தேடினார். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி வீடுகளில் இறந்தவரின் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகங்களைச் சேர்த்தார். வழக்குகள் முடிந்த பிறகும் தேடுவதை அவரால் நிறுத்த முடியவில்லை.

எண்பத்தாறில் அவர் வந்து இறங்கியது நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில், மீன் வெட்டும் ஆலையில்.

"அப்புக்காத்தர், இந்த மீனுக்குத் தாய் தகப்பன் ஆர்?" என்று அவருடைய பழைய சட்டத் தொழிலைச் சொல்லிப் பக்கத்தில் நின்றவர்கள் சீண்டுவார்கள்.

"தகப்பனை நீ நேற்று வெட்டிப் பெட்டியிலை போட்டிட்டாய். இனி வழக்கு இல்லை" என்பார், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு ஒஸ்லோ. ட்வெய்ட்டாவில் ஒன்பதாம் மாடி வீடு, பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை, மனைவி புஷ்பமலர். பிள்ளைகள் இல்லை. ஊரின் குடும்பங்களைக் கிளை கிளையாக வரைந்த தாள்கள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டன. புஷ்பமலர் அடுப்படியில் நின்றே சாப்பிடப் பழகிவிட்டார்.

இரண்டாயிரத்தெட்டுக் கார்த்திகையில் ஊர்க்காரன் இந்திரகுமார் தொலைபேசியில் அழுதான். வன்னியில் ஷெல் விழுந்து அவனுடைய தங்கை உதயகுமாரி செத்துவிட்டாள்.

"நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கோ அண்ணை. எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை."

மகேசன் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. பெற்றோர், காணாமல் போன கணவன், சகோதரன் எல்லோரையும் எழுதினார். கடைசியாக, 'நிதுசனின் (நோர்வே) அன்புத் தாயாரும் ஆவார்' என்று முடித்து இணையத்தளத்துக்கு அனுப்பினார். தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒட்டவும் ஒரு பிரதி கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் இந்திரகுமார் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

"என்ன அண்ணை செய்து போட்டியள்?"

"ஏன்? ஆரையும் விட்டிட்டனோ?"

"விட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். நிதுசன் ஆற்றை பிள்ளை எண்டு இஞ்சை பதிஞ்சிருக்கு? என்ரை பிள்ளையெண்டெல்லோ கூப்பிட்டனான்!"

பல வருடங்களுக்கு முன் தகப்பன் காணாமல் போனதும் அப்போது ஆறு வயதாயிருந்த நிதுசனை மாமன்காரன் தன் மகன் என்று பதிந்து நோர்வேக்கு எடுத்தது ஊர்ச்சனத்துக்குத் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை. மகேசனும் திறந்ததில்லை. ஆனால் எழுத உட்கார்ந்ததும் கை உண்மையை மட்டுமே எழுதிப் பழகியிருந்தது.

"சிற்றிசனுக்குப் போட்டிருக்கிறான். அடுத்த மாதம் நேரிலை கதைக்கக் கூப்பிட்டிருக்கிறாங்கள். ஆரும் இதை மொழிபெயர்த்துக் குடுத்தா? என்னை விடுங்கோ அண்ணை, அவனை அங்கை திருப்பி அனுப்பினாங்களெண்டா?"

இணையத்தளத்தில் அன்றே எடுத்துவிட்டார்கள். கடைக்கு மகேசன் தானே ஓடினார். பனியில் இரண்டு இடத்தில் வழுக்கினார். கண்ணாடிக்கு முன்னால், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே, பிலேந்திரன் மூக்குக் கண்ணாடியை உயர்த்தி வாசித்துக்கொண்டிருந்தார். அவர் வேறு ஊர்க்காரர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். ஒன்று காதில் விழுந்தால் நகரின் தெற்கே ஹவுகெட்டோ வரைக்கும் கொண்டுபோய்விடுவார்.

"என்ன மகேசன், நிதுசன் இந்திரகுமாற்றை பெடியன் எல்லோ?"

மகேசன் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை எட்டிப் பிடித்தார். காணிக்காக நீதிமன்றத்தில் எத்தனையோ பேர் பொய்ச் சத்தியம் செய்வதைப் பார்த்தவர்.

"ஓம். நான்தான் மாறி எழுதிப் போட்டன். வயசு போட்டுது."

"நீங்களோ? மாறியோ?" பிலேந்திரன் சிரித்தார். "அப்ப என்ரை மகளின்ரை கலியாணத்துக்கு முறை பாத்துச் சொன்னதும் இப்பிடித்தானோ? பேரப்பிள்ளையும் பிறந்திட்டுதே!"

கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். மகேசன் தாளைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். திருத்திய அறிவித்தல் மாலையில் வந்தது. அதில் உதயகுமாரிக்குப் பிள்ளை இல்லை. அவள் நிதுசனின் அன்பு மாமி.

அந்தியேட்டிக் கிரியையை இந்திரகுமார் செய்தான். நிதுசன் மூன்றாவது வரிசையில், மற்றவர்களைப்போலக் கைகட்டி நின்றான். பிண்டத்துக்குப் பூப்போட அவனை யாரும் கூப்பிடவில்லை. மகேசன் அவனைப் பார்க்கவில்லை. பார்க்கிறவர்கள் யார் என்று மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு முறை கேட்டு அவரிடம் வருவது குறைந்தது. கதவுமணி அடித்தால் முதலில் ஜன்னல் சீலையை விலக்கிக் கீழே என்ன கார் நிற்கிறது என்று பார்ப்பார். "இஞ்சாருங்கோ, விளம்பரம் போடுற பெடியன்" என்று புஷ்பமலர் சொல்லும்வரை மூச்சு விடமாட்டார்.

நேர்காணல் முடிந்த அன்று நிதுசன் நேரே ட்வெய்ட்டாவுக்குத்தான் வந்தான். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"கேட்டவையோ?" என்றார் மகேசன்.

"ஊரிலை ஆர் இருக்கினம் எண்டு கேட்டவ, அங்கிள். ஒரு தாந்தெ இருந்தவ, ஷெல்லிலை செத்திட்டா எண்டு சொன்னன். மாமியெண்டு. பேர் என்ன எண்டு கேட்டவ. பேரைச் சொல்லேக்கை அழுகை வந்திட்டுது. நிப்பாட்ட ஏலேல்லை."

"பிறகு?"

"என்னையே பாத்துக்கொண்டிருந்தவ. பிறகு தண்ணி எடுத்துத் தந்தவ."

"தந்திட்டு?"

"அடுத்த கேள்விக்குப் போட்டா."

அந்தத் தண்ணீரைப் பற்றி மகேசன் அந்தக் குளிர்காலம் முழுவதும் யோசித்தார். இரக்கத்தில் தந்ததா, சந்தேகத்தில் தந்ததா என்று புஷ்பமலரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

வசந்தத்தில் முடிவு நல்லபடியாக வந்தது. சிவப்புக் கடவுச்சீட்டோடு நிதுசன் வந்தான். வன்னியில் அப்போது எல்லாம் முடிந்திருந்தது. அவன் மேசைக்குப் போய், தங்கள் குடும்பம் வரைந்திருந்த தாளைத் தானாகவே தேடி எடுத்தான். உதயகுமாரியின் பெயருக்குக் கீழே இருந்து ஒரு கோடு இறங்கி அவன் பெயரில் முடிந்தது. மகேசன் அதை அழித்திருக்கவில்லை.

நிதுசன் அந்தக் கோட்டில் விரலை வைத்தான்.

"அங்கிள், கார்த்திகையிலை ஆண்டுத் திவசம் வருது. இனி அறிவித்தலிலை அம்மா எண்டு போடலாமோ?"

மகேசன் எழுந்துபோய்க் கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்தார். சரியாகத்தான் பூட்டியிருந்தது. திரும்பி வந்து அவனுக்கு அருகில் உட்கார்ந்தார்.

"மெதுவாக் கதை, தம்பி" என்றார்.