முன் ஆக்சிலில் கட்டிய பட்டு நூல்

எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லை ஒட்டி, நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு லாரியின் முன் ஆக்சில் கிடக்கிறது. இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கிற கனத்த இரும்புக் குழாய், அதில் பானை வயிறு போல ஒரு புடைப்பு. அவ்வளவுதான் அது. அந்தக் குழாயின் இடது பக்கத்தில் ஒரு பட்டு நூல் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறது. என் தறியில் ஓடிய அரக்கு நிறப் பாவு நூல்தான். சேறும் எண்ணெயும் குடித்து இப்போது அதற்கு நிறம் என்று ஒன்றுமில்லை. கட்டியவர் என் தங்கையின் கணவர். நூல் இருக்கிறது, கட்டிய கை இல்லை. இதை எழுதும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மாப்பிள்ளை லாரி மெக்கானிக். ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் ஒரு பட்டறையில் வேலை. சென்னையிலிருந்து சில பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய சக்கரம் போட்ட வண்டிகளைக் கொண்டுபோய்ச் சேற்றிலும் பாறையிலும் ஏற்றி விளையாடுவார்கள். அதில் ஒரு வண்டியை இவர் பழுது பார்த்தார், அன்றோடு பித்துப் பிடித்துவிட்டது. ஒரு பழைய சின்ன லாரியை வாங்கி, நான்கு சக்கரமும் இழுக்கிற மாதிரி தானே கட்டுவது என்று முடிவு செய்தார். அந்த வண்டி ஒரு மலையடிவாரத்தில் எல்லார் கண்ணெதிரிலும் ஏறிக் காட்டிவிட்டால், அப்புறம் அவர்கள் வண்டியெல்லாம் இவர் கைக்குத்தான் வரும், சொந்தப் பட்டறை வைத்துவிடலாம் என்று கணக்கு. தங்கை அப்போது மாசமாக இருந்தாள். பிறக்கிற பிள்ளை அடுத்தவன் பட்டறையில் அப்பனைப் பார்க்கக் கூடாது என்பார். ஆசை ஒன்றும் தப்பான ஆசை இல்லையே!

பழைய ஆக்சில் பார்க்கப் போகும்போதெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நெசவுக்காரனுக்கு இரும்புக் கடையில் என்ன வேலை என்று நான் கேலி செய்தால், "ஒத்த இழை விலகினாலும் உன் கண்ணுக்குத் தெரியும் மச்சான். என் கண்ணு எண்ணெயில ஊறிப்போச்சுபா" என்பார். அவர் பார்க்கிற விதமே தனி. முதலில் எண்ணெய் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்து, வெயிலில் காட்டித் தேய்ப்பார். இரும்புத் தூள் மின்னினால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், மூடியைத் திருகிவிட்டு நடையைக் கட்டுவார். பிறகு கையால் சுழற்றி எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று காதைக் கொடுத்துக் கேட்பார். முன்னும் பின்னும் பல் கணக்கு ஒத்துப் போகாவிட்டால் ஒன்றை ஒன்று இழுத்து உடைத்துக்கொள்ளும் என்பதால், சாக்பீஸால் கோடு போட்டுச் சுற்றுகளை எண்ணுவார். கடைசியில் என் முறை. குழாயின் இரண்டு முனைக்கும் பட்டு நூலை இழுத்துக் கட்டுவோம். புடைப்பு இருக்கிற இடம் நீங்கலாக, நூலுக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கிற சந்து முழு நீளத்துக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நான் மண்டியிட்டு, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாவு பார்ப்பதைப் போலவே பார்ப்பேன். முன் ஆக்சில் அப்படித் தேறியதுதான். அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷம்! அதே நூலைக் குழாயில் சுற்றி முடிச்சுப் போட்டு, "காப்பு கட்டியாச்சு மச்சான், இனிமே திருவிழாதான்" என்றார்.

பின் ஆக்சிலுக்காக ஒரு காயலான் கடைக்குப் போனோம். உடைந்த வண்டிகளைப் பிரித்து விற்கிற இடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வண்டி எத்தனை வருஷம் ஓடியது, எத்தனை கை மாறியது, எதில் வேண்டுமானாலும் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள். ஆனால் "இதுல யாராவது பூட்டாங்களா?" என்று கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்வார்கள். உயிர் போன வண்டியின் சாமானை மறைத்து விற்றால் விற்றவன் குடும்பத்துக்கே ஆகாது என்று ஒரு பயம். கேட்காமல் வாங்குகிறவனும் இல்லை, கேட்டால் மறைக்கிறவனும் இல்லை.

கடைக்கார பாய் இரண்டு ஆக்சில்களைக் காட்டினார். முதலாவதில் எண்ணெய் தேன் மாதிரி இருந்தது. நூல் பிடித்தேன், அப்படியொரு நேர். மாப்பிள்ளை முகம் மலர்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். பாய் தாடியைத் தடவிக்கொண்டே, "டிரைவர் பூட்டாருபா. ஆக்சிலுக்கு ஒண்ணும் ஆவல. அல்லா மேல ஆணையா நல்ல சாமான்" என்றார். மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இரண்டாவது ஆக்சில், ஓடி ஓடிக் கிழடாகி உடைக்க வந்த வண்டியுடையது. யாரும் சாகவில்லை. நூல் பிடித்துப் பார்த்தேன். வலது பக்கம் நடுவில் சந்து விரிந்தது. "மாப்ள, வளைஞ்சி இருக்குது. வேணாம்பா. மொதல்ல பாத்ததே நல்லா இருக்குது" என்றேன். "வயித்துப் புள்ளக்காரி இருக்குற வூட்டுக்குச் சாவு இரும்ப எட்த்துக்கினு போவச் சொல்றியா மச்சான்? வளைஞ்சத நிமித்திக்கலாம்" என்றார். அதற்குமேல் நான் பேசியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

நிமிர்த்தினார்கள். வெல்டிங் பட்டறையில் குழாயைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, ஜாக்கி கொடுத்துத் தள்ளி, தண்ணீரை ஊற்றிக் குளிர வைத்தார்கள். திரும்ப நூல் பிடித்தபோது நேராகத்தான் இருந்தது. காய்ச்சிய இடத்தில் இரும்பு உள்ளுக்குள் என்ன ஆனது என்று எந்த நூல் சொல்லும்? மலையடிவாரத்தில் முதல் பாறையை ஏறினாராம், இரண்டாவதையும் ஏறினாராம், ஜனங்கள் விசில் அடித்தார்களாம். மூன்றாவது பாறையில் பின் ஆக்சில், காய்ச்சிய அந்த இடத்திலேயே இரண்டாக உடைந்தது. வண்டி பின்னோக்கி உருண்டது. அதற்குமேல் எனக்குச் சொன்னவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யாரோ ஒரு டிரைவரின் சாவு தன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று பயந்துதானே அந்த மனிதர் வளைந்ததை எடுத்தார்? அதுக்குத் தெரியாத வாசலா! வந்தே விட்டது. விதி என்று என்னிடம் சொல்ல வந்தவர்களை அடிக்காமல் விட்டதே பெரிது. ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் நான் வெகுநாள் போகவில்லை. இப்போது போகிறேன், ஆனால் எதையும் கேட்பதில்லை.

மிச்சமானதையெல்லாம் எடைக்குப் போட்டாயிற்று. முன் ஆக்சிலை மட்டும் தங்கை விடவில்லை. "இத உருக்கக் கூடாதுண்ணா. அவரு ஆசையா பாத்து எடுத்தது. எந்த வண்டியிலனா மாட்டி இது ஓடணும்" என்றாள். அவளுக்கு இப்போது அது ஒன்றுதான் வேண்டுதல். ஆட்கள் வருகிறார்கள். விரலை விட்டு எண்ணெய் பார்க்கிறார்கள், சுழற்றுகிறார்கள், தலையாட்டுகிறார்கள். அப்புறம் அந்தக் கேள்வி. போய்விடுகிறார்கள். அப்பா முகத்தையே பார்க்காத குழந்தை தார்ப்பாய்மேல் ஏறி உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறது. "டுர்ர்" என்று அது வாயால் சத்தம் போடும்போது தங்கை அடுப்படிக்குள் போய்விடுவாள்.

போன வாரம் ஒருவர் வந்தார். நல்ல மாதிரி. தன் பையிலிருந்து தூண்டில் நரம்பை எடுத்து இரண்டு முனைக்கும் இழுத்துக் கட்டி, தரையில் படுத்தே பார்த்தார். "யப்பா, இன்னா நேரு! இந்த மாதிரி ஆக்சில் இப்பல்லாம் கெடைக்கறதில்லபா" என்றார். எழுந்து மண்ணைத் தட்டியபோது பட்டு நூல் அவர் கண்ணில் பட்டது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"இதுல யாருனா பூட்டாங்களாபா?"

இந்த ஒரு முறை இல்லை என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. சொன்னால் அந்த ஆக்சில் ஓடும், அவள் கேட்டது நடக்கும். பின்வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தங்கைதான் பதில் சொன்னாள்.

"ஆமாண்ணா. என் வூட்டுக்காரரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நரம்பை அவிழ்த்துச் சுருட்டினார். "தப்பா நெனச்சிக்காதமா, எங்க வூட்லயும் புள்ளைங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை எப்படித் தப்பாக நினைப்பது? மாப்பிள்ளை பேசிய அதே பேச்சு. தங்கை குழந்தையை இறக்கிவிட்டு வந்து, தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை நான் பிடித்தேன். மூடுவதற்கு முன் அந்த முடிச்சின்மேல் கையை வைத்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நேரா இருக்குதுன்னாரு இல்லண்ணா?"

"ஆமாம்மா" என்றேன். "ஒரு இழைகூட விலகல."