தட்டக் கூடாத கை

இந்த ஊரில் சாப்பாட்டு மேசையைத் தட்டினால் வீட்டுக்காரம்மா சந்தோசப்படுகிறார். இங்கிலாந்தின் இந்த லெஸ்டர் நகரத்தில் பஸ் ஓட்டும் கிரஹாம் என்னிடம் டோலக் படிக்க ஆரம்பித்துச் சில மாதமாகிறது. டீக்கோப்பை, ஸ்டியரிங், எது அகப்பட்டாலும் அவருக்குத் தாளம்தான். "நாள் பூரா இதே வேலை" என்று அவர் மனைவிக்கு ஒரே பெருமை. போன வாரம் அவர் அப்படி மேசையைத் தட்டியபோது, என்னையறியாமல் என் கை பாய்ந்துபோய் அவர் கையை அமுக்கிவிட்டது. மனுசர் மிரண்டு பார்த்தார். அப்புறம் ஏதோ விளங்கியவர்போலத் தலையாட்டி, "சைலன்ஸ்! அதுவும் இசைதான், இல்லையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். ஆளுக்குத் தக்கபடி பாடம் நடத்துகிறேனாம், பாராட்டு வேறு.

அந்த வித்தையை எங்கே படித்தேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு வாத்தியார் கிடையாது. கேட்டுக் கேட்டுக் கை பழகியவன். சிவகாசியில் ஒரு கச்சேரிக் குழுவில் டோலக் வாசித்தேன், வீடு வீடாய்ப் போய்ச் சொல்லியும் கொடுத்தேன். என் வீட்டுக்காரிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து, நானும் கிளம்பப் போகிறேன் என்று தெரிந்ததும் தாயில்பட்டியிலிருந்து மாரியப்பன் வந்தான். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. "ஒங்க எடத்துல நான் ஒக்காரணும்ணே. அந்த ரூமை விட்டு வெளிய வரணும்" என்றான்.

ராகம், தாளமெல்லாம் அவன் காதில் சுத்தமாக நின்றது. கைதான் விழ மாட்டேன் என்றது. தோலுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிடும். மருந்தறையில் எதையும் தட்டக் கூடாது, உரசக் கூடாது, இழுக்கக் கூடாது; சட்டியைக்கூடப் பச்சைப்பிள்ளையைக் கிடத்துவதுபோல வைக்க வேண்டும். வருசக்கணக்கில் அப்படிப் பழகிய கை. "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிம்பாக. என்னால ஒரு பக்கங்கூட இடிக்க முடியலையேண்ணே" என்று அவனே சிரிப்பான்.

அவனுக்கென்று ஒரு பாடம் கண்டுபிடித்தேன். முதலில் தலையணையை அடிக்கச் சொன்னேன். பிறகு ஈரத்துணியைக் கல்லில் அடித்துத் துவைக்கச் சொன்னேன். "கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல இப்பத்தான் எஞ் சேலை வெளுக்குது. பாடத்தை மெதுவாவே நடத்துங்கண்ணே!" என்றாள் அவன் பெண்டாட்டி முத்துலட்சுமி. கொஞ்சங்கொஞ்சமாகக் கை இறங்கியது. ஒருநாள் டோலக் கணீரென்று பேசியது. மாரியப்பன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த வாரம் முத்துலட்சுமி மட்டும் வந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. "சோத்துத் தட்டுல தட்டுறாகண்ணே. தூக்கத்துல எம் முதுகுல தட்டுறாக. ஆடுன காலும் பாடுன வாயும் சும்மா இருக்காதும்பாக. தட்டுன கை மட்டும் இருக்குமா? அந்த ரூமுல போயி ஒரு தட்டுத் தட்டுனா, எங்க வாசல்ல வேற மேளம்ல அடிப்பாக."

வாசிக்கத் தெரிந்தால்தான் குழுவில் இடம். இடம் கிடைத்தால்தான் மருந்தறையை விட முடியும். மருந்தறையில் இருக்கிற வரைக்கும் கை பழகக் கூடாது. இந்த முடிச்சைப் போட்ட கம்பெனி முதலாளிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நான் பாடம் சொல்லியிருக்கிறேன். மேசை, நாற்காலி, ஜன்னல் கம்பி என்று தட்டாத இடமில்லை; யாரும் தடுத்ததில்லை.

மாரியப்பனுக்குப் பாடத்தை மறுபடி மாற்றினேன். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, சொற்கட்டை வாயால் மட்டும் சொல்ல வேண்டும். கை எழும்பினால் நான் பாய்ந்து அமுக்கிவிடுவேன். தகதிமி தகஜுனு என்று அச்சுப் பிசகாமல் சொல்வான். ஆனால் வாயால் டோலக் வாசிக்கிறவனுக்கு எந்தக் குழு இடம் கொடுக்கும்? நான் விமானம் ஏறுவதற்கு முன்பே என் இடத்தில் விருதுநகர்க்காரர் ஒருவர் உட்கார்ந்துவிட்டார்.

போன தீபாவளிக்குப் போன் கார்டு வாங்கிப் பேசினேன்.

"ஏலே மாரி, வாயிலயாச்சும் சொல்லிக்கிட்டு இருக்கியா?"

"இல்லண்ணே. வாய் சொன்னா கை எந்திரிச்சிருது. விட்டுட்டேன். நீங்க சாப்பிட்டீகளா?"

இன்று பாடத்துக்குப் போனேன். கிரஹாம் என்னைக் கண்டதும் மேசையில் ஒரு தாளம் போட்டார். நடுவில் சட்டென்று தன் இடது கையால் வலது கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோலக் கண்சிமிட்டினார். "சைலன்ஸ்!" அவர் மனைவி கைதட்டினார். தாயில்பட்டியில் ஒருவன் உயிருக்குப் பயந்து செய்வது, இங்கே கைதட்டல் வாங்குகிறது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வலது கை முழங்காலில் தானாகத் தட்ட ஆரம்பித்தது. இடது கை போய் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் குனிந்து பார்த்து, "குளிருகிறதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.