காவ் சிங்ஷூய் பிடிக்காமல் போன குழாய்கள்

வார்டுக்கு எண்ணெய்ச்சோறு வந்தால், காவ் சிங்ஷூய் அண்ணன் தன் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். பிறகு மூடி என் மேசையில் வைத்துவிடுவார். கூட வந்த சிவப்பு முட்டையை மட்டும் உரித்துத் தின்பார். பிழைத்து வீடு போன குழந்தைக்கு மாதம் நிறைந்ததைக் கொண்டாடிப் பெற்றோர் தரும் சோறு அது. யாரும் வேண்டாமென்று சொல்வதில்லை. நான் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் அவரே இரண்டு பெட்டி தின்பவர்தான்.

அவருடைய வேலை, நுரையீரலுக்குப் பதிலாக உடம்புக்கு வெளியே நின்று வேலை செய்யும் எக்மோ இயந்திரத்தை ஓட்டுவது. தைனான் நகரத்து மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரர் ஒருவரின் மகன். பம்பின் மேல் பச்சை நிறப் பொரிப் பொட்டலம் ஒன்றை வைத்து, "ஒழுங்கா ஓடுடா ராசா" என்று தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார். அந்தப் பொரியின் பெயருக்கே 'சமர்த்தா இரு' என்றுதான் அர்த்தம்; எங்கள் ஊரில் இயந்திரம் இருக்கும் இடத்திலெல்லாம் அது இருக்கும், தேதி முடிந்துவிட்டால் பலிக்காது என்பார்கள். என் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எனக்குச் சிரிப்பு வரும்.

"சிரி, பட்டதாரி, சிரி. தேதி முடிஞ்சிருச்சான்னு மட்டும் பார்த்துச் சொல்லு" என்பார்.

நான் சேர்ந்த அந்த வருடம்தான் பெய்ஷான் என்பவளின் மகள் வார்டுக்கு வந்தாள். உதரவிதானத்தில் ஓட்டை. இரைப்பையும் குடலும் அதன் வழியே நெஞ்சுக்குள் ஏறி, நுரையீரல் வளர இடமில்லாமல் செய்திருந்தன. பிறந்த அன்றே கழுத்தில் இரண்டு குழாய்கள் போட்டோம். ஒன்று இரத்தத்தை வெளியே எடுக்கும். இயந்திரம் அதில் ஆக்சிஜன் ஏற்றும். மற்றது உள்ளே திருப்பி அனுப்பும். நுரையீரல் தேறுவதற்கு அவகாசம், அவ்வளவுதான். குழாயில் இரத்தம் உறையாமலிருக்க மருந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த மருந்தால் உடம்பில் எங்கேயும் கசியலாம், தலைக்குள்ளும்.

குழந்தையின் அப்பா தினமும் வந்து படம் எடுத்துப் போனார். பெய்ஷான் வரவில்லை. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வாசல் தாண்டக் கூடாது, தலை குளிக்கக் கூடாது, காற்றுப் படக் கூடாது. மாமியார் காவல்.

ஒரு பிற்பகல் அவள் தப்பித்து வந்தாள். வெயில் காலத்தில் கம்பளித் தொப்பி, தடித்த காலுறை. மேலெல்லாம் நல்லெண்ணெயும் இஞ்சியும் மணத்தன.

"ஒரே ஒரு தடவ தூக்கிக்கட்டுமா, டாக்டர்?"

டாக்டர் லியாவ் யோசித்தார். "குழாய காவ் பிடிச்சுக்கிட்டா கொஞ்ச நேரம் மடியில வைக்கலாம். என்ன காவ்?"

காவ் அவளுடைய தொப்பியைப் பார்த்தார். "ஏம்மா, மாசத்துக்குள்ள இந்த ஏசிக் காத்துல வந்து நிக்கறியே! என் பொண்டாட்டியும் இப்படித்தான் அடங்காம திரிஞ்சா. இப்ப மழை வந்தா முட்டி வலிக்குதுன்னு என்னைத் திட்டறா."

"எனக்கு ஒன்னும் ஆகாது அண்ணே."

"இப்ப ஆகாது, வயசானா ஆகும். பாப்பா எங்க ஓடப்போகுது? மாசம் முடிச்சிட்டு வா. குழாய நானே பிடிக்கிறேன், எவ்வளவு நேரம் வேணாலும் வச்சிக்கோ. எனக்கு ரெண்டு பெட்டி எண்ணெய்ச்சோறு, காளான் தூக்கலா!"

சிரித்துவிட்டாள். உடனே கண் கலங்கியது. "அழாத, மாசத்துல அழுதா கண்ணு கெட்டுடும்" என்று அதையும் தடுத்தார். குழந்தையின் பாதத்தை விரல் நுனியால் தொட்டுவிட்டுப் போனாள்.

மாதம் முடியவில்லை. ஒரு காலை எடுத்த ஸ்கேனில் குழந்தையின் தலைக்குள் கசிவு தெரிந்தது, மதியத்துக்குள் பெருகியது. மருந்து தொடர்ந்தால் மூளைக்குள் கசியும், நிறுத்தினால் குழாயில் உறையும், இயந்திரத்தை எடுத்தால் நுரையீரல் தாங்காது. மருந்தை நிறுத்திப் பார்த்தோம். காவ் எண்களையே பார்த்தபடி நின்றார். பொட்டலத்தை நேராக்கினார். மறுபடியும் நேராக்கினார். நான் தேதியைப் பார்த்தேன். முடிந்திருக்கவில்லை.

இந்த முறை மாமியாரே பெய்ஷானைக் காரில் ஏற்றி அனுப்பினாராம். அவள் வந்துசேர்வதற்குள் இரத்தம் கட்டிப் பம்பு நின்றுவிட்டது. குழந்தையும் போய்விட்டது. டாக்டர் குழாய்களை எடுத்துவிட்டு, பெய்ஷான் வந்ததும் குழந்தையைத் துணியில் சுற்றி அவள் மடியில் வைத்தார். காவ் பக்கத்தில் வந்து, குழாய் பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பெய்ஷான் நிமிர்ந்து பார்த்தாள். "இனி பிடிக்க ஒன்னுமில்லையே அண்ணே."

குரலில் கோபமே இல்லை. அவர் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பின்னால் அவளுக்கு மகன் பிறந்தான். அவருக்கென்று இரண்டு பெட்டி வந்தது, காளான் தூக்கலாக. இரண்டையும் முகர்ந்து பார்த்து என் மேசையில் வைத்தார்.

போன குளிர்காலத்தில் அவர் ஈரல் கெட்டு இறந்தார். அன்று பெய்ஷான் மடியில் வைத்திருந்தாலும் குழந்தை பிழைத்திருக்காது; அது எனக்கும் தெரியும், பெய்ஷானுக்கும் தெரியும். அதனால் அவர் அவளுக்குப் பட்ட கடன் குறைகிறதா என்றுதான் எனக்கு விளங்கவில்லை. இப்போது எந்தத் தாய் கேட்டாலும், டாக்டர் சரியென்றால், குழாயை நான் பிடிக்கிறேன். அது பெய்ஷான் கணக்கில் சேராது.