கல்லண்ணனுக்கு ஒரு ஜன்னல் இருக்கை

எங்கள் வீட்டில் இஞ்சி நசுக்கும் கல் ஒன்று இருக்கிறது. கையில் பிடித்தால் அடங்கும். ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. ரங்கூனில் (எங்களுக்கு இன்றைக்கும் ரங்கூன்தான், யாங்கோன் என்று வாயில் வருவதில்லை) எத்தனையோ அடுப்படிகளில் இப்படிக் கல் கிடக்கும். ஆனால் எங்கள் கல் விமானத்தில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, வடக்குக் கோடியில் பனிமலை பார்த்துவிட்டு வந்தது. சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். இப்போது அந்தப் பக்கம் அப்படிப் போக வழியில்லை. உடன் வந்தவர்களில் பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். சாட்சிக்கு யாரைக் கூப்பிட?

எல்லாம் என் வீட்டுக்காரர் செய்த வேலை. துறைமுகத்தில் கப்பலில் சரக்கு அடுக்கும் பிரிவில் இருந்தவர் அவர். எது அடியில் போக வேண்டும், எது மேலே, எந்தப் பக்கம் பாரம் கூடினால் கப்பல் சாயும் என்று திட்டம் போடுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. சந்தையிலிருந்து வந்தால் என் பையைப் பிரித்து, பூசணிக்காயைத் தக்காளியோடு வைத்தது ஏன் என்று விசாரணை நடத்துவார். நான் எரிந்து விழுவேன். அவர் சிரிப்பார். எங்கள் தாம்பத்தியம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடியது.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. பிறந்தது ரங்கூன், வேலை பார்த்தது ரங்கூன். வடக்கே மாண்டலேயைத் தாண்டியதில்லை. யாராவது புதிதாகப் பார்த்தால் "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்பார்கள். பர்மியரும் கேட்பார்கள், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் கேட்பார்கள். "இதுதான்" என்பார். அவர்கள் நம்பாமல் இன்னொரு தடவை கேட்பார்கள். அது அவருக்கு உள்ளே எங்கோ குத்திக்கொண்டே இருந்தது.

"ஆயுசு முழுக்க ஆத்தோரம் நின்னாச்சு, புள்ள. இந்த ஐராவதித் தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஒரு தடவை என் கண்ணால பார்க்கணும். பனி உருகித்தான் வருதாமே. நம்ம நாட்டுப் பனிமலையை நாமளே பார்க்கலேன்னா அப்புறம் என்ன இருக்கு?"

"ஐஸ் பொட்டியைத் தொறந்து பாருங்க. பனி இருக்கு" என்றேன் நான். எனக்கு மாடிப்படி இறங்கினாலே தலை சுற்றும். விமானம் என்ற பேச்சே ஆகாது.

அவர் விடவில்லை. புட்டாவோ என்று வடக்கே ஒரு சிற்றூர். அதற்கு மேலே காடு, காட்டுக்கு மேலே பனி. மழைக் காலத்தில் சாலையே இருக்காது. பத்துப் பேர் சேர்ந்தால் சின்ன விமானம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மாண்டலே, மிச்சினா என்று இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போய்விடலாம் என்று எங்கோ விசாரித்துவிட்டு வந்தார். அப்போது அப்படிப் போக முடிந்தது. எங்கள் கட்டடத்திலேயே ஆள் பிடித்தார். கீழே மளிகைக்கடை வைத்திருந்த பாய், அவர் மனைவி, மேல்மாடியில் ஓய்வு பெற்ற பர்மிய ஆசிரியை (அவரை எல்லோரும் சயாமா என்போம், டீச்சர் என்று அர்த்தம்), அவர் கணவர், இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து நான்கு பேர், கடைசியில் நாங்கள் இருவர். என்னைக் கேட்காமலேயே என் தலையையும் எண்ணிவிட்டார்.

அந்தக் குளிர்காலம் வருவதற்குள் எங்கள் வீடு விமான நிலையம் ஆகிப் போயிற்று. சுவரில் வரைபடம் தொங்கியது. அந்த மாதிரி விமானத்தில் ஆளையும் எடை போடுவார்கள், மூட்டையையும் எடை போடுவார்கள் என்று தெரிந்ததிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. பாய் கடைத் தராசு இன்னும் வீசைக் கணக்கு. பைலட் கேட்பது கிலோ. இவர் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார். ஒவ்வொருவர் பையையும் கடையில் அரிசி மூட்டை நடுவே வைத்து நிறுத்து, இது வேண்டாம், அது வேண்டாம் என்று வெளியே எடுத்துப் போட்டார். நான் வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலும் போயிற்று. பாயின் மனைவி குளிருக்கு என்று திணித்த கம்பளியில் ஒன்றும் போயிற்று. சயாமா மட்டும் லப்பே டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டார். தேயிலை ஊறுகாய் இல்லாமல் ஒரு பர்மியப் பெண் ஊருக்குக் கிளம்புவாளா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. சிரிக்காதீர்கள். நிஜமாகவே ஒத்திகை நடந்தது. தெருமுனை டீக்கடையிலிருந்து குட்டி பிளாஸ்டிக் முக்காலிகளை வாங்கி வந்து, எங்கள் கூடத்தில் சாக்பீஸால் விமானம் வரைந்து, நடுவில் நடைபாதை விட்டு இரண்டு வரிசையாகப் போடுவார். பாரம் கூடியவர்கள் நடுவில், மெலிந்தவர்கள் வாலில். கப்பல் மூளை. பாயை நடுவில் உட்காரச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் தம்பி, நான் என்ன உப்பு மூட்டையா?"

"கப்பலுக்கே நடுவுலதான் உசிரு, பாய். உங்களை நம்பித்தான் வண்டி பறக்குது."

பாய் சமாதானமாகி, இரண்டு முக்காலியை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு உட்கார்ந்தார். ஒன்று தாங்காது என்று அவருக்கே தெரியும். சயாமாவின் கணவர் பைலட். துடைப்பக்கட்டையைப் பிடித்துக்கொண்டு உறுமுவார். மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், மொஹிங்கா வாங்கி வந்து, அந்தந்த இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். முழங்கால் இடிக்க உட்கார்ந்து அந்தக் காலைகளில் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் மட்டும்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்று பாயின் மனைவி சொல்வாள். இருக்கலாம். ஆனால் ஒரு ஞாயிறும் நான் தவறவிட்டதில்லை.

வீட்டுக்காரர் தனக்கென்று ஒரு முக்காலியைக் குறித்து வைத்திருந்தார். இடப்பக்கம், கடைசி, ஜன்னல் ஓரம். காலையில் வடக்கே போகும்போது வலப்பக்கம் கண்ணில் வெயில் அடிக்கும், இடப்பக்கம்தான் மலை தெளிவாகத் தெரியும் என்று கணக்கு. அந்த முக்காலியில் வேறு யாரும் உட்கார விடமாட்டார். தெருப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பார். அங்கே ஜன்னல்கூடக் கிடையாது.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது அவருக்கு நெஞ்சில் வலி வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சின்ன விமானம், உயரத்தில் காற்று மெலிசு, வழியில் ஏதாவது என்றால் கீழே காடுதான் இருக்கும். போகக்கூடாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தேன். டாக்டர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் திட்டினேன்.

அடுத்த ஞாயிறும் எல்லோரையும் கூப்பிட்டார். முக்காலிகளைப் போட்டார். அவரவர் இடத்தில் உட்கார்ந்ததும், கடைசியில் இருந்த தன் முக்காலியைத் தானே தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். சயாமாவின் உதடு அசைந்தது. எண்ணுகிறார். எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்பது.

இந்த நாட்டில் ஒன்பது பேராகப் பயணம் கிளம்பமாட்டார்கள். ஆகாது என்பது நம்பிக்கை. அப்படியே கிளம்ப வேண்டி வந்தால் ஒரு கல்லை எடுத்து, அதைப் பத்தாவது ஆளாக எண்ணி, உடன் அழைத்துப் போக வேண்டும். தமிழர்கள் நாங்கள் வெளியே சிரிப்போம், உள்ளுக்குள் எண்ணிப் பார்ப்போம். பாய் ஐந்து வேளை தொழுகிறவர், இதெல்லாம் கூடாது என்பார். ஆனாலும் ஒன்பது பேர் ஒரு வண்டியில் ஏறினால் அவருக்குக் கடையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

"நானும் போகலை. எட்டாயிடும். கல்லும் வேணாம், மண்ணும் வேணாம்" என்றேன். எனக்கு உள்ளூர நிம்மதியாகவும் இருந்தது.

எல்லோரும் போன பிறகு அவர் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"நீ போகணும்."

"பைத்தியமா உங்களுக்கு? உங்களை விட்டுட்டு நான் என்னத்தைப் பார்க்கப் போறேன்?"

"மத்தவங்க எல்லாம் வந்து, அழகா இருந்துச்சு, அருமையா இருந்துச்சும்பாங்க. அதுல எனக்கு ஒண்ணும் தெரியாது. நீதான் குறை சொல்லுவே. குளிரு, கூட்டம், டீ சரியில்லை, மலை கோணலா இருக்குன்னு ஒண்ணு விடாம சொல்லுவே. நீ குறை சொன்னாத்தான் எனக்குக் கண் முன்னாடி தெரியும்."

அவர் கையை நீட்டி, அடுப்பு மேடையிலிருந்த இஞ்சிக் கல்லை எடுத்தார்.

"இது போதும். உன் கைக்குப் பழகினது."

"அதை எடுத்துட்டா நான் இஞ்சிக்கு என்ன பண்றது? எடை வேற ஏறுமே. என் ஊறுகாயை எடுத்துப் போட்டீங்களே!"

"என் எடை மிச்சம் ஆயிடுச்சே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் திரும்பி நின்று வெங்காயம் உரித்தேன்.

விமான நிலையத்தில் எங்களை எடை போட்டார்கள். பைலட் இவர் போட்டுக் கொடுத்த இருக்கைத் திட்டத்தை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் இஷ்டப்படி எங்களை உட்கார வைத்தார். பாயை மட்டும் நடுவில்தான் போட்டார். இடப்பக்கக் கடைசி ஜன்னல் காலியாக இருந்தது. சயாமா போய்ப் பைலட்டிடம் கல்லைக் காட்டி ஏதோ சொன்னார். பைலட்டும் இந்த ஊர்க்காரர்தானே, சிரிக்கவில்லை. கல்லைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்து, "உட்காரச் சொல்லுங்கள்" என்றார். கல்லைத் துணியில் சுற்றி அந்த இருக்கையில் வைத்து, சயாமா பெல்ட்டை இறுக்கினார். பக்கத்து இடம் எனக்கு.

மாண்டலேயில் நின்றபோதும் இடத்தை விட்டு அசையாமல், மிச்சினா வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் தீர்ந்து, பாயின் பிரார்த்தனையையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டேன். இறங்கினதும் நேரே டீக்கடை. நான் ஒரு வாய் குடித்திருப்பேன், சயாமா வெளுத்த முகத்தோடு என் தோளைத் தொட்டார். அவர் பர்மிய மொழியில் சொன்னது இதுதான்: "தங்கச்சி, கல்லண்ணன் எங்கே?"

விமானத்திலேயே விட்டுவிட்டேன். ஒன்பது பேரும் கல் இல்லாமல் வந்து ஒரே மேசையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறோம். பாய் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். ஆட்களை எண்ணவேயில்லை என்பது போல வெளியே வேடிக்கை பார்த்தார்.

நான் ஓடினேன். பைலட்டிடம் கெஞ்சி மேலே ஏறினேன். காலி விமானத்தில், கடைசி ஜன்னலில், பெல்ட் போட்டபடி அது மட்டும் உட்கார்ந்திருந்தது. வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. கல்லோடு பேச வேண்டும், மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று சயாமா சொல்லிக் கொடுத்திருந்தார். அண்ணே என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏங்க, வாங்க. டீ ஆறுது" என்று வந்துவிட்டது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வேறு யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதேன்.

அதற்குப் பிறகு கல்லை நான் கீழே வைக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. மூடினால் அவருக்கு யார் சொல்வது? கீழே ஆறு இரண்டு கிளையாகப் பிரிந்தது. பிறகு காடு. வீடில்லை, புகையில்லை, ஒரு பாதைகூட இல்லை. குறை சொல்லலாம் என்று பார்த்தேன், ஒரே பச்சையாக இருக்கிறது என்று சொல்லலாம். அப்போது விமானம் லேசாகச் சாய்ந்தது. இடப்பக்க ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிட்டது. மலை. அவர் கணக்கு சரியாக இருந்தது. கல்லைத் தூக்கிக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அவர் கதவருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லு. என்ன குறை?"

சொன்னேன். இருக்கை இறுக்கம். காது அடைத்தது. பைலட் உங்கள் திட்டத்தை மதிக்கவில்லை. புட்டாவோவில் டீ வெறும் வெந்நீர், விடிந்தால் பனிமூட்டம், போர்வை போதவில்லை, பாயின் குறட்டை சீனா வரைக்கும் கேட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணை மூடி, தலையாட்டிச் சிரித்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. மலை?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஒரு குறைகூட நாக்கில் நிற்கவில்லை. பையிலிருந்து கல்லை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் பேசாமல் நின்று அவர் பார்த்ததில்லை.

"அப்போ நிஜமாவே நல்லா இருந்திருக்கு" என்றார்.

பிறகு கல்லை மடியில் வைத்துக்கொண்டு டீ கேட்டார். அன்றைக்கு இஞ்சியை டம்ளர் அடியால்தான் நசுக்கினேன்.